ப்ளோயரை நிறுத்தாதீங்க: மணலியில் ஒரு ஆலை பசுமைச் சான்றிதழ் வாங்கிய அனுபவம்

மணலியில் ஒரு பெரிய நிறுவனத்தின் ஆலையில் பராமரிப்புப் பொறியாளராக இருக்கிறேன். வீடு எர்ணாவூரில். மின்சாரத்தையும் தண்ணீரையும் சிக்கனமாகப் பயன்படுத்தும் கட்டடங்களுக்குத் தரும் பசுமைக் கட்டடச் சான்றிதழை ஆலைக்கு வாங்கும் பொறுப்பு 2023 தொடக்கத்தில் என்னிடம் வந்தது. முடிய ஒன்றரை வருஷம் ஆனது. இதே வேலையைத் தொடங்கப் போகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

பெரிய நிறுவனங்களுக்கு இந்த அக்கறை வந்ததற்கு ஒரு நேரடிக் காரணம் உண்டு. சந்தை மதிப்பில் முதல் 1000 இடங்களில் இருக்கும் நிறுவனங்கள் மின்சாரம், தண்ணீர், கழிவு பற்றிய கணக்கை பி.ஆர்.எஸ்.ஆர். என்ற நிறுவனப் பொறுப்பு அறிக்கையில் தர வேண்டும் என்று 2022-23 நிதியாண்டு முதல் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி கட்டாயமாக்கியது. தலைமை அலுவலகம் எங்களிடம் தண்ணீர்க் கணக்கு கேட்டது. எங்களிடம் இருந்தவை டேங்கர் பில்கள் மட்டும்தான். உள்ளே வந்த தண்ணீர் எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியாது. எனக்கு அது உறுத்தியது. 2019 கோடையில் புழல் ஏரி வறண்டபோது, நானும் அம்மாவும் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றிருக்கிறோம். அதே மாதங்களில் எங்கள் கேட்டுக்குள் டேங்கர்கள் தவறாமல் வந்துகொண்டிருந்தன.

சான்றிதழ் தருவது இந்தியப் பசுமைக் கட்டடக் கவுன்சில். சி.ஐ.ஐ. என்ற இந்தியத் தொழில் கூட்டமைப்பு 2001இல் தொடங்கியது, தலைமையிடம் ஹைதராபாத். புதிய கட்டடத்துக்கு ஒரு முறை, ஏற்கெனவே இயங்கும் கட்டடத்துக்கு வேறு முறை. எங்களுடையது இரண்டாவது வகை. பதிவுக் கட்டணம், படிவங்கள், வரைபடங்கள் எல்லாம் ஆலோசகர் பார்த்துக்கொள்வார். அதில் பெரிய சிரமம் இல்லை. சிரமம் மீட்டரில் தொடங்கியது.

தண்ணீர் போகும் வழிகளில் பதினான்கு மீட்டர் வைத்தோம். கேன்டீனும் கழிப்பறையும்தான் அதிகம் குடிக்கும் என்று எல்லோரும் நினைத்திருந்தோம். இரண்டே வாரத்தில் தெரிந்துவிட்டது, பாதிக்கு மேல், தண்ணீரை ஆவியாக்கிச் சூட்டைத் தணிக்கும் கூலிங் டவருக்குப் போகிறது. டேங்கர் தண்ணீரில் உப்பு அதிகம். ஆவியாக ஆக உப்பு சேரும், குழாயில் படியாமல் இருக்க அடிக்கடி திறந்து வெளியே விட வேண்டும். மிதவை வால்வு ஒன்று சரியாக மூடாமல், ராத்திரி முழுக்க வழிந்துகொண்டும் இருந்தது. எத்தனை வருஷமாகவோ.

அப்புறம் கழிப்பறை. கழிவுநீரைச் சுத்திகரித்து ஃப்ளஷுக்கு விடுவது எங்கள் திட்டத்தில் முக்கியமான பகுதி. பழைய கட்டடத்தில் ஒரே குழாய்தான் இருந்தது. தனிக் குழாய் இழுத்து, குடிநீரோடு எங்கும் சேராமல் சோதித்து, வேறு நிறம் அடிக்கவே இரண்டு மாதம். தண்ணீரைத் திறந்துவிட்டுப் பத்து நாள்கூட ஆகவில்லை, பெண்கள் கழிப்பறையிலிருந்து புகார் வந்தது. மஞ்சள் நிறம், தாங்க முடியாத நாற்றம். பழைய தண்ணீரையே விடச் சொன்னார்கள். அவர்கள் கேட்டது நியாயம்.

ஆலோசகர் குளோரினைக் கூட்டச் சொன்னார். கூட்டினோம், நாற்றத்தோடு குளோரின் வாடையும் சேர்ந்தது. ஒரு நாள் நைட் ஷிஃப்ட் முடியும் நேரத்தில் எஸ்.டி.பி. எனும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் ஆபரேட்டர் அண்ணனிடம் போய் நின்றேன்.

“மேடம், ராத்திரி பதினொரு மணிக்கு மேல ப்ளோயரை நிறுத்தச் சொல்லி ஆர்டர் வந்துச்சு. காலைல ஆறு மணிக்குத்தான் போடுறேன். தொட்டிக்குள்ள இருக்கறது உயிருங்க. ஏழு மணி நேரம் காத்து இல்லாம எப்படி இருக்கும்?”

அந்த உத்தரவு மின்சாரச் சிக்கனப் பட்டியலில் இருந்தது. கையெழுத்து என்னுடையது. கழிவைத் தின்னும் பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன் கொடுப்பதே ப்ளோயரின் வேலை, அதை நிறுத்தினால் அவை செத்துப்போகும் என்று படித்தவள்தான் நான். பட்டியலில் பார்த்தபோது வெறும் யூனிட் எண்ணாகத்தான் தெரிந்தது.

அண்ணன் ஒரு நோட்டை எடுத்துக் காட்டினார். தொட்டித் தண்ணீரை ஒரு லிட்டர் குடுவையில் எடுத்து, அரை மணி நேரத்தில் எவ்வளவு வண்டல் படிகிறது என்று தினமும் குறித்திருந்தார். எந்தத் தேதியிலிருந்து கெட்டது என்பது அதில் அப்படியே இருந்தது. ப்ளோயரை நிறுத்தாமல், வேகத்தை மட்டும் குறைக்கும் கருவி போட்டோம். தொட்டியில் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவில் இருக்கும்படி பார்த்துக்கொண்டோம். மூன்று வாரத்தில் தண்ணீர் தெளிந்தது. மின்சாரமும் மிச்சம்தான், முதலில் கணக்குப் போட்ட அளவுக்கு இல்லை.

கூரைக்கு வெயிலைத் திருப்பும் வெள்ளைப் பெயின்ட் அடித்தோம். மணலிக் காற்றில் சில மாதங்களிலேயே கருத்துவிடுகிறது, கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். மழைநீருக்கு உறிஞ்சு குழி போடச் சொன்னார்கள். எங்கள் இடம் தாழ்வு, மழைக்காலத்தில் கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் தெரியும். அதனால் சம்ப்பில் சேர்த்தோம். முதல் மழையின் கரியை வெளியே விட்டு, மிச்சத்தை வடிகட்டி கூலிங் டவருக்கு விடுகிறோம். 10,000 சதுர அடிக் கூரையில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 9,000 லிட்டர். உப்பே இல்லாத தண்ணீர்.

அந்த டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. மணலி புதுநகர் மூழ்கியது. எண்ணூர் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெயும் பரவியது. ஆலையில் பசுமைக் கோப்புகளை அடுக்கிவிட்டு வீடு திரும்பும்போது, கழிமுகத்தில் படகுகள் கருப்பாக நின்றன. ஒரு கட்டடத்துக்குள் நாங்கள் செய்வது எவ்வளவு சின்ன வேலை என்று அன்றைக்கு மனசு கனத்தது. இருந்தாலும் மறுநாள் மீட்டர் பார்க்கப் போனேன்.

ஆய்வுக்கு வந்தவர்கள் கோப்புகளை வேகமாகப் புரட்டினார்கள். அண்ணனின் நோட்டை மட்டும் நெடுநேரம் பார்த்து, அவரிடமே கேள்வி கேட்டார்கள். தங்கத் தரத்தில் சான்றிதழ் கிடைத்தது.

முன்பு நாளைக்கு ஆறு டேங்கர் உள்ளே வரும். இப்போது இரண்டு. நிலத்தடி நீரை உறிஞ்சி உறிஞ்சி, மீஞ்சூர் பக்கம் அதில் கடல் நீர் புகுந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. அந்த இரண்டும்கூட வரக்கூடாது என்பது என் ஆசை. கொடுங்கையூரில் நகரக் கழிவுநீரை ஆர்.ஓ. வரை சுத்திகரித்து, நாளைக்கு 4.5 கோடி லிட்டர் தரக்கூடிய குடிநீர் வாரிய நிலையம் 2019இலிருந்து இயங்குகிறது. வடசென்னை ஆலைகளுக்காகவே கட்டியது அது. அந்தத் தண்ணீருக்கு விண்ணப்பித்திருக்கிறோம். குழாய் எங்கள் கேட் வரை வருவதற்கான அளவெடுப்பு நடக்கிறது.