காத்திருப்போர் பட்டியலில் இருந்துகொண்டு ஜெபிப்பது

என் கணவருக்கு இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்துவிட்டன என்று மருத்துவர் சொன்ன வாரத்தில் எங்களைப் பார்க்க வந்த ஏறக்குறைய எல்லாருமே ரோமர் 8:28-ஐச் சொல்லி ஜெபித்துவிட்டுப் போனார்கள். தேவனிடத்தில் அன்புகூருகிறவர்களுக்குச் சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது என்னும் அந்த வசனம் எனக்கு ஓய்வுநாள் பள்ளிக் காலத்திலிருந்தே மனப்பாடம். அதை இன்றும் முழு மனதோடு விசுவாசிக்கிறேன். ஆனால் நோயாளி இருக்கும் வீட்டில் அந்த வசனத்தைச் சொல்லிவிட்டு எழுந்து போவது வேறு, அதன்மேல் சாய்ந்துகொண்டு ஒவ்வொரு நாளையும் கடப்பது வேறு. எங்களுக்கு வாய்த்தது இரண்டாவது.

இரத்தத்தை இயந்திரத்தால் சுத்திகரிக்கும் டயாலிசிஸ் என்றால் வாரத்தில் 3 நாள், ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 4 மணி நேரம். முதலில் கழுத்தில் குழாய் வைத்துத் தொடங்கினார்கள்; பிறகு இடது கையில் தமனியையும் சிரையையும் இணைத்து ஃபிஸ்டுலா அமைத்து, அது முதிர்வதற்குப் பல வாரங்கள் காத்திருக்கச் சொன்னார்கள். காலையில் எழுந்ததும் அந்த இடத்தில் விரல்வைத்துப் பார்க்க வேண்டும். தையல் இயந்திரம் ஓடும்போது மேசையில் கைவைத்தாற்போல ஓர் அதிர்வு இருந்தால் இரத்தம் ஒழுங்காக ஓடுகிறது என்று பொருள். வீட்டில் ஜெபம் தொடங்குவதற்கு முன்பே நான் செய்யும் முதல் வேலை இதுவாகிப் போனது. பொட்டாசியம் குறைவதற்காகக் காய்கறிகளை நறுக்கித் தண்ணீரில் ஊறவைத்து, வேகவைத்து, வடித்துவிட்டுத்தான் சமைக்கிறேன். இளநீரும் வாழைப்பழமும் வீட்டுக்குள் வருவதில்லை. ஒரு நாளைக்குக் குடிக்க அனுமதித்த தண்ணீரைக் காலையிலேயே அளந்து ஒரு பாட்டிலில் ஊற்றி வைத்துவிடுவேன். சித்திரை வெயிலில் அந்தப் பாட்டிலை அவர் பார்க்கும் பார்வையை நான் பார்க்காததுபோல நடந்துகொள்வேன்.

என் சிறுநீரகத்தைக் கொடுத்துவிடலாம் என்பதில் எனக்கு இரண்டாவது யோசனையே இருக்கவில்லை. மனைவி நெருங்கிய உறவினர் என்பதால் 1994-ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டப்படி தடையில்லை. இரத்த வகையும் ஒத்திருந்தது. திருமணச் சான்றிதழ், குடும்ப அட்டை எல்லாவற்றையும் ஒரு கோப்பில் சேர்த்துக்கொண்டிருந்த நேரத்தில், பரிசோதனையில் எனக்குச் சர்க்கரை நோய் இருப்பது தெரியவந்தது. அத்துடன் அந்தக் கதவு மூடப்பட்டது. அவருடைய தம்பிக்கு இரத்த வகை பொருந்தவில்லை, அக்காவுக்கு இரத்தக் கொதிப்பு. எஞ்சியிருந்தது, தமிழ்நாட்டில் 2008 முதல் அரசு நடத்திவரும் திட்டத்தில், மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புக்காகப் பெயரைப் பதிந்துவிட்டுக் காத்திருப்பது.

அந்த நாட்களில் நாங்கள் கேட்ட பேச்சுகளில் மனத்தை மிகவும் வருத்தியது, எந்தப் பாவத்துக்கு இந்தத் தண்டனை என்று சிலர் ஜாடையாகக் கேட்டதுதான். பிறவிக் குருடனைப் பார்த்துச் சீஷர்கள் கேட்டதும் இதே கேள்வி. அவன் செய்த பாவமுமல்ல, அவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல என்று இயேசுவே சொல்லியிருக்க, விசுவாசிகள் நோயாளியின் வீட்டில் அந்தக் கேள்வியைத் திரும்ப எடுப்பதை என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியாது. எங்கள் சேகரத்து ஐயர், அதாவது சபைப் போதகர், அப்படிப் பேசவில்லை. அவர் 88-ஆம் சங்கீதத்தை மெதுவாக வாசித்தார். மற்ற புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் துதியில் முடியும். இதுவோ இருளிலேயே முடிகிறது. வாசித்து முடித்ததும் எந்த விளக்கமும் கொடுக்காமல் எங்களோடு அமர்ந்திருந்தார். இப்படிப்பட்ட ஜெபத்தையும் தேவன் வேதத்தில் வைத்திருக்கிறார் என்பதே அன்று எங்களுக்குப் போதுமானதாக இருந்தது. எங்கள் பக்கத்து டோனாவூரில் ஊழியம் செய்த மிஷனெரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931-இல் விழுந்து காயப்பட்டபின், 1951-இல் மரிக்கும்வரை பெரும்பாலும் படுக்கையிலேயே இருந்தார் என்பதையும் அக்காலத்தில் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். ஜெபிக்கத் தெரியாதவரா அவர்? சுகம் கிடைக்காததால் விசுவாசம் குறைவு என்று யாராவது அவரைப்பற்றிச் சொல்லத் துணிவார்களா?

பட்டியலில் பெயர் ஏறிய பிறகு நான் எதிர்பாராத ஒரு துன்பம் வந்தது. ஜெபக்கூட்டத்தில், "சீக்கிரமாய் ஒரு சிறுநீரகத்தைக் கொடும் ஆண்டவரே" என்று ஒரு சகோதரி மன்றாடியபோது என்னால் ஆமென் சொல்ல முடியவில்லை. எங்களுக்கு அது கிடைக்க வேண்டுமானால், எங்கோ ஒரு வீட்டில், சாலை விபத்திலோ மூளை இரத்தக்கசிவிலோ, ஒருவர் இறக்க வேண்டும். அந்த வீட்டுத் தாயும் தன் மகன் பிழைக்க வேண்டுமென்று அதே தேவனிடத்தில் கதறிக்கொண்டிருப்பாளே. என் கணவர் வாழ வேண்டும் என்று கேட்காமலும் இருக்க முடியவில்லை. கேட்கவும் வாய் வரவில்லை. பல வாரங்கள் முழங்காலில் நின்றும் வார்த்தையின்றி எழுந்தேன். எல்லாரும் சொன்ன அந்த வசனத்துக்கு இரண்டு வசனங்கள் முன்னே, நாம் ஏற்றபடி வேண்டிக்கொள்ள வேண்டியது இன்னதென்று அறியாமலிருக்கையில், ஆவியானவர்தாமே வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு நமக்காக வேண்டுதல்செய்கிறார் என்று பவுல் எழுதியிருப்பது அப்போதுதான் எனக்கு உயிருள்ள வசனமாயிற்று. என்ன கேட்பது என்று எனக்குத் தெரிய வேண்டியதில்லை என்றானது எவ்வளவு பெரிய இளைப்பாறுதல்!

ஒருநாள் நள்ளிரவில் அழைப்பு வந்தது. ஒரு சிறுநீரகத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்டவர்களை வரவழைத்து, இரத்தப் பொருத்தம் பார்த்து முடிவு செய்வார்கள் என்பதை முன்பே சொல்லியிருந்தார்கள். ஒன்றும் உண்ணாமல் போய்ச் சேர்ந்தோம். விடிந்தபின், வேறொருவருக்குப் பொருந்தியிருப்பதாகச் சொன்னார்கள். அவருடைய மனைவி, மிகவும் இளையவள், நடைவழியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களுக்கும் சீக்கிரம் கிடைக்கும் அக்கா" என்று அழுதாள். திரும்பும் பேருந்தில் வெகுநேரம் பேசாமல் இருந்த என் கணவர், "அந்தத் தம்பிக்குச் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்களாம். அவருக்குக் கிடைத்தது நல்லதுதான்" என்றார். அவர் இயல்பில் அப்படிப் பேசுகிறவர் அல்லர். தமக்கு வேண்டியதை விட்டுக்கொடுத்துப் பழகாதவர். ரோமர் 8:28 சொல்லும் நன்மை இன்னது என்பதை அதற்கு அடுத்த வசனமே சொல்கிறது: குமாரனுடைய சாயலுக்கு ஒப்பாயிருப்பது. அந்தச் சாயலில் ஒரு கீற்றை அன்று நான் என் அருகிலேயே பார்த்தேன். இந்த நோய் எதற்காக வந்தது என்பதற்கு இதுதான் முழு விடை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் தேவன் தம் வேலையை நிறுத்தவில்லை என்று காண எனக்கு அது போதுமாயிருந்தது.

இன்றும் டயாலிசிஸ் தொடர்கிறது. பெயர் பட்டியலில் இருக்கிறது. கைபேசியை இரவிலும் அணைப்பதில்லை. குடும்ப ஜெபத்தில், என்றாவது தங்கள் துக்கத்தின் நடுவில் எங்களுக்காகக் கையெழுத்திடப்போகும், இன்னும் முகம் தெரியாத குடும்பத்தின் பிள்ளைகள் இன்று பத்திரமாக வீடு திரும்ப வேண்டும் என்று முதலில் கேட்கிறோம். அதன்பின் அவருடைய பெலனுக்காகக் கேட்கிறோம். உறுப்புதானம் செய்தவர்களின் உடலுக்கு 2023-இல் தமிழ்நாடு அரசு இறுதி மரியாதை அறிவித்தபோது, அந்தச் செய்தியை என் கணவர் ஜெபத்துக்கு முன் எழுந்து நின்று வாசித்தார். சர்க்கரை நோய் இருப்பதால் சிறுநீரகம் கொடுக்க முடியாத எனக்கும் கண்களைக் கொடுக்கத் தடையில்லை என்று அறிந்து, கண்தானத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன்.