சடக்கோர மரங்கள்

எண்ணெய் தரும் செம்பனையில் 17ஆம் மட்டையைக் கண்டுபிடிப்பதற்குப் பழக்கம் வேண்டும். உச்சியில் முழுதாக விரிந்த இளம் மட்டையை ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். சுருள் இறங்கும் போக்கில் கண்ணை இறக்கினால் அதற்குக் கீழே 9, அதற்கும் கீழே 17. எட்டு எட்டாக இறங்கும் கணக்கு. அந்த மட்டையை அறுத்து, நடுப்பகுதியில் இரண்டு பக்கமும் சில ஓலைகளைக் கிள்ளி, ஈர்க்கை நீக்கிப் பையில் போட்டு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். கூடவே மண்ணும் போகும். அடுத்த வருடம் அந்தக் காட்டுக்கு எவ்வளவு உரம் என்பதை அந்தப் பைதான் சொல்லும். மலேசியாவில் பந்திங் வட்டாரத் தோட்டங்களில் இருபத்தெட்டு வருடமாக இதுதான் என் பிழைப்பு.

காலைப் பெரட்டில் பேர் கொடுத்துவிட்டு, பசியாறிவிட்டு, மோட்டாரின் பின்னால் மண் எடுக்கும் ஓகரைக் கட்டிக்கொண்டு கிளம்பினால் வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட வேண்டும். முந்தின இரவு கனமழை என்றால் ஓலை எடுக்கக் கூடாது. பத்து வரிசைக்கு ஒரு வரிசை, அதில் பத்து மரத்துக்கு ஒரு மரம். நான் சேர்ந்த புதிதில் எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்த மண்டோர் அண்ணன், எங்கள் மேற்பார்வையாளர், முதல் நாளே சாலையோர மரங்களைப் பற்றி ஒன்று சொன்னார்: "சடக்கோர மரத்தைத் தொடாதே தம்பி. அதுக்கு வெளிச்சம் வேற, தூசி வேற, உர லோரியில இருந்து சிந்துறது வேற. அது பேசுறது தோட்டத்துப் பேச்சே இல்ல."

ஆனால் சடக்கோரத்தில் எடுப்பதுதான் சுகம். உள்ளே போனால் சேறு, அட்டை, கான் என்னும் வடிகாலில் போட்ட வழுக்கு மரப்பாலம். மழைக்காலத்தில் சடக்கோரத்திலேயே இருபது மரத்தை முடித்துவிட்டு, காடு முழுக்க நடந்ததாக எழுதிக் கொடுத்தவர்களை நான் அறிவேன். ஒன்றிரண்டு முறை நானும் அதைச் செய்திருக்கிறேன்.

நிலாவைப் பற்றி நான் படிக்க ஆரம்பித்தபோது எனக்கு முதலில் உறைத்தது இந்தச் சடக்கோரக் கணக்குதான். 1969 முதல் 1972 வரை அப்போலோ ஆட்கள் ஆறு தடவை இறங்கி 382 கிலோ கல்லும் மண்ணும் அள்ளி வந்தார்கள். சோவியத்தின் லூனா கலங்கள் மூன்று, ஆளில்லாமல் போய் 300 கிராம் சொச்சம் கொண்டுவந்தன. எல்லாமே நமக்குத் தெரியும் முகப்பக்கத்தில் எடுத்தவை. அப்போலோ இறங்கிய இடங்கள் நடுக்கோட்டிலிருந்து அதிகம் விலகவும் இல்லை. காரணம் இல்லாமல் இல்லை. பூமியோடு பேச நேர்ப்பார்வை வேண்டும், இறங்கச் சமதளம் வேண்டும், பிசகினால் திரும்பி வர வழி வேண்டும். ஆனாலும் ஒரு சாம்பிள்காரனாகப் பார்த்தால் அது சடக்கோரம்தான். அரை நூற்றாண்டாக அந்த மரங்களை வைத்துத்தான் மொத்தத் தோட்டத்துக்கும் கணக்கு எழுதியிருக்கிறோம்.

அதனால் 2024 ஜூன் 25ஆம் தேதி சீனாவின் சாங்-ஏ 6 கலம் நிலாவின் மறுபக்கத்திலிருந்து 1935.3 கிராம் மண்ணோடு உள் மங்கோலியாவில் இறங்கியபோது, கொடி யாருடையது என்பதெல்லாம் எனக்கு இரண்டாம் பட்சமாகிவிட்டது. ஒருவன் கானைத் தாண்டி உள்ளே போய்விட்டான், அவ்வளவுதான். அந்த மண்ணில் கிடைத்த எரிமலைப் பாறைத் துணுக்குகளுக்கு வயது சுமார் 280 கோடி ஆண்டு என்று பிற்பாடு கண்டார்கள். மறுபக்கத்தில் மேலோடு தடிப்பு, எரிமலைச் சமவெளிகளும் குறைவு. முகப்பக்கத்தை மட்டும் வைத்து எழுதிய வரலாற்றில் இப்படி விட்டுப்போனவை இன்னும் எத்தனையோ.

சந்திரயான் 3 இறங்கிய அன்று நாங்கள் ஒட்டுக்கடையில் இருந்தோம். 2023 ஆகஸ்ட் 23, நம் நேரப்படி இரவு எட்டரை தாண்டி. கடைக்காரர் தொலைக்காட்சிச் சத்தத்தைக் கூட்டி வைத்தார். தே தாரிக் ஆறிப்போனது. பக்கத்து மேசையில் இருந்த வங்காளதேசித் தம்பிகளும் எழுந்து நின்று பார்த்தார்கள். நான்கு நாளைக்கு முன்புதான் ரஷ்யாவின் லூனா 25 விழுந்து நொறுங்கியிருந்தது, 2019இல் சந்திரயான் 2இன் தரையிறங்கியும் அப்படியே போனது. அதனால் கடைசி நிமிடங்களில் யாரும் வாய் திறக்கவில்லை. இறங்கியதும் கைதட்டல். திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர் என்று யாரோ சொன்னதும் இன்னொரு கைதட்டல். தென்துருவம், தென்துருவம் என்று மறுநாள் எல்லாரும் எழுதினார்கள். இறங்கிய இடம் தெற்கே 69 பாகை, துருவம் இன்னும் வெகுதூரம். லேபிளில் இடத்தைத் தப்பாக எழுதினால் எனக்குப் பொறுக்காது, தொழில் புத்தி.

எனக்கு அன்று வேறொரு சங்கதியும் மனதில் ஓடியது. நிலாவின் மேட்டு நிலத்தில் அனார்த்தசைட் என்ற வெளிர் பாறை அதிகம். அதே இனப் பாறை நாமக்கல் மாவட்டத்தில் சித்தம்பூண்டி, குன்னமலைப் பக்கம் கிடக்கிறது. நிலாவில் ஓடப்போகும் வண்டியையும் இறங்கும் கலத்தையும் சோதிக்க இஸ்ரோ அந்தப் பாறையை அரைத்து மண்ணாக்கிக்கொண்டது. சுமார் 50 டன் என்று நாளேடுகள் எழுதின. என் தாத்தா பரமத்திப் பக்கத்துக்காரர். அந்த மண்ணில் ஒன்றும் விளையாது என்றுதான் கப்பலேறி இங்கே கித்தாக் காட்டுக்கு, ரப்பர் தோட்டத்துக்கு வந்தார். விளையாத மண் என்று அவர் சொன்னதைப் பாட்டி வசவாகவே சொல்லிக் கேட்டிருக்கிறேன். பெங்களூரில் அதே மண்ணைக் கொட்டி நிலா என்று வைத்துக்கொண்டார்கள் என்பதைக் கேட்கத் தாத்தா இல்லை. கேட்டிருந்தால் சிரித்திருப்பாரா, காறித் துப்பியிருப்பாரா என்று தெரியாது.

சந்திரயான் 3இல் போன பிரக்யான் வண்டி 103 மீட்டர் ஓடி, 23 இடங்களில் நின்று மண்ணைப் பரிசோதித்தது. மண்ணை எடுத்துவரவில்லை, அங்கேயே பார்த்துச் சொன்னது. பிற்பாடு வந்த ஆய்வில் அதே அனார்த்தசைட் வகைதான், நிலா ஒரு காலத்தில் உருகிய பாறைக் கடலாக இருந்தது என்ற கருத்துக்குப் பொருந்துகிறது என்றார்கள். கந்தகம் இருக்கிறது என்றும் செய்தி வந்தது. அதைப் படித்ததும் எனக்குப் பழைய பயம் ஒன்று எழுந்து உட்கார்ந்தது.

எங்கள் கடலோரத் தோட்டங்களில் கீழ் மண்ணில் பைரைட் இருக்கும். இரும்பும் கந்தகமும் சேர்ந்த தாது. தண்ணீருக்கு அடியில் இருக்கும்வரை சாது. கானை ஆழமாக வெட்டித் தண்ணீரை வடித்துவிட்டால் காற்றுப் பட்டு கந்தக அமிலமாகிவிடும். மண் புளித்துவிடும். அதனால் இங்கே எந்த ஆழத்தில் அந்த அடுக்கு தொடங்குகிறது என்பதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம்.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடம். மழை. ஒரே குழியிலிருந்து மேல் மண், நடு மண், அடி மண் என்று தனித்தனிப் பை. சீட்டில் பேனாவால் எழுதியிருந்தேன். ஸ்டோருக்கு வந்து பார்த்தால் ஆறு சீட்டில் மை கரைந்து நீலச் சேறாகக் கிடந்தது. திரும்பிப் போக வேண்டும். போகவில்லை. நிறத்தைப் பார்த்து, விரலால் நசுக்கிப் பார்த்து, இது மேல், இது அடி என்று நானே எழுதிவிட்டேன். புளிப்பு அடுக்கு நல்ல ஆழத்தில் இருக்கிறது என்று அறிக்கை வந்தது. கானை இன்னும் இரண்டடி இறக்கினார்கள். அடுத்த வறட்சியில் கானுத் தண்ணீர் துருப்பிடித்த நிறத்தில் நின்றது, கண்ணாடி போலத் தெளிவாக, ஒரு மீன் இல்லாமல். மரங்கள் மஞ்சளடித்தன. வேளாண் அதிகாரியிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் திட்டவில்லை, அது இன்னும் மோசம். தடுப்பு போட்டுத் தண்ணீரை ஏற்றிய பிறகும் அந்தக் காடு தேறச் சில வருடம் பிடித்தது. அன்றிலிருந்து பென்சில்தான். பென்சில் மழையில் கரையாது.

(நிலாவின் கந்தகம் அப்படிப் புளிக்காது. அங்கே அது பெரும்பாலும் டிராய்லைட் என்ற இரும்புத் தாதுவாக இருக்கிறது, புளிக்க வைக்கக் காற்றும் தண்ணீரும் வேண்டுமே.)

இந்த அனுபவம் இருப்பதால்தானோ என்னவோ, நிலாச் செய்திகளில் எனக்குப் பிடித்தது ராக்கெட் இல்லை, ஒரு குழாய். 1972 டிசம்பரில் அப்போலோ 17இல் போன இருவர், அதில் ஹாரிசன் ஷ்மிட் நிலவியலாளர், ஒரு மண்சரிவில் இரட்டைக் குழாயை அடித்து இறக்கி மண் எடுத்தார்கள். கீழ்ப்பாதிக் குழாயை அங்கேயே காற்றுப் புகாமல் மூடி முத்திரை வைத்தார்கள். ஹியூஸ்டனில் அதைத் திறந்தது 2022இல். ஐம்பது வருடம்! பிற்காலத்தில் நல்ல கருவி வரும், நம்மைவிடக் கெட்டிக்காரர்கள் வருவார்கள் என்று நம்பித் திறக்காமல் வைத்திருக்கிறார்கள். மேலே எது, கீழே எது என்ற வரிசை கலையாமல். நான் அந்தச் செய்தியை வெட்டி வைத்திருக்கிறேன்.

ஆழம் அங்கேயும் அப்படித்தான் முக்கியம். சந்திரயான் 3இன் தரையிறங்கியான விக்ரமிலிருந்த வெப்பமானி மண்ணுக்குள் இறங்கியபோது மேலே 50 பாகை செல்சியஸுக்கும் மேல், 8 சென்டிமீட்டர் கீழே சுழியத்துக்கும் 10 பாகை குறைவு. விரல் நீளம்கூட இல்லை, அதற்குள் பாலைவனமும் ஐஸ்பெட்டியும். இனி போகிறவர்களுக்குத் தோண்டுவதுதான் வேலை. நிலாவின் அச்சு ஒன்றரைப் பாகைதான் சாய்ந்திருக்கிறது, அதனால் துருவத்துப் பள்ளங்களில் சில இடங்களில் வெயிலே பட்டதில்லை, அங்கே பனிக்கட்டி தங்கியிருக்கிறது. சந்திரயான் 1 தந்த தரவில் தண்ணீரின் தடயம் தெரிந்தது என்று 2009 செப்டம்பரில் சொன்னார்கள், அடுத்த மாதமே நாசா ஒரு ராக்கெட் பாகத்தைக் கபேயஸ் பள்ளத்தில் மோதவிட்டு, எழும்பிய புழுதியில் தண்ணீரைப் பார்த்தது. இந்தியாவும் ஜப்பானும் சேர்ந்து அனுப்பவிருக்கும் வண்டி ஒன்றரை மீட்டர் வரை துளையிடும் என்கிறார்கள். எங்கள் ஓகரும் ஏறக்குறைய அவ்வளவுதான் போகும். சந்திரயான் 4 மண்ணை எடுத்தே வரப்போகிறது, 2024 செப்டம்பரில் 2104 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கிடைத்தது.

ஒப்பந்தங்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 1967ஆம் ஆண்டு விண்வெளி ஒப்பந்தப்படி நிலாவை எந்த நாடும் சொந்தம் கொண்டாட முடியாது. 2020இல் அமெரிக்கா முன்னின்று கொண்டுவந்த ஆர்ட்டெமிஸ் உடன்பாடு, அங்குள்ள பொருளை எடுப்பது சொந்தம் கொண்டாடுவதாகாது என்கிறது. வேலை நடக்கும் இடத்தைச் சுற்றிப் பாதுகாப்பு வளையம் என்றும் ஒன்று உண்டு. நிலம் உன்னுடையது அல்ல, விளைச்சல் மட்டும் எடுத்துக்கொள், கேட்டுக்குக் காவல் போட்டுக்கொள். எங்கள் ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை, மூன்று தலைமுறை தோட்டத்து லயத்து வீடுகளில் இருந்து பார்த்தவர்கள். சீனாவும் ரஷ்யாவும் தனியாக ஒரு நிலையம் திட்டமிடுகின்றன. தாய்லாந்து 2024இல் இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டுவிட்டது, அந்தச் சாமர்த்தியம் எனக்குப் பிடித்திருக்கிறது.

போன வருடம் பக்கத்துத் தமிழ்ப்பள்ளியில் தொழில் பற்றிப் பேசக் கூப்பிட்டார்கள். டாக்டர், வக்கீல் வரிசையில் நான் கடைசி. ஓகரைக் கையோடு கொண்டுபோனதால் பிள்ளைகள் தூங்கவில்லை. சுங்கை லாங்கில் தேசிய விண்வெளி மையம் இருக்கிறதே, அந்தப் பேச்சு நிலாவுக்குப் போனது. ஐந்தாம் ஆண்டுப் பிள்ளை ஒன்று எழுந்து, "ஐயா, நிலாவுல செம்பனை நட்டா என்ன உரம் போடணும்?" என்று கேட்டது. வகுப்பே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. இருபத்தெட்டு வருடத்தில் என்னிடம் யாரும் கேட்காத சரியான கேள்வி.

ஃபுளோரிடாப் பல்கலைக்கழகத்தில் அதைச் செய்தே பார்த்திருக்கிறார்கள் என்றேன். 2022இல் முடிவு வந்தது. அப்போலோ 11, 12, 17 கொண்டுவந்த மண்ணில் 12 கிராம் கேட்டு வாங்கி, ஒரு செடிக்கு ஒரு கிராம் என்று விரல்கூடு அளவுக் குழிகளில் கடுகு இனத்துச் சிறு செடியின் விதையைப் போட்டார்கள். முளைத்தது. எல்லாமே முளைத்தது. ஆனால் வேர் குறுகி, இலை சிறுத்து, சில செடிகள் செம்மை பாய்ந்து, உப்பு மண்ணில் தவிக்கிற பயிர் மாதிரி ஆயின. அப்போலோ 11 மண்ணில்தான் மிக மோசம், அது விண்வெளியில் அதிகக் காலம் வெந்த மண். "முதல்ல நைட்ரஜன் வேணும்மா, அங்க கிட்டத்தட்ட இல்ல. மக்கின இலை தழை ஒண்ணுமே கிடையாது. தண்ணியும் நீதான் கொண்டு போகணும்." அவள் அதையெல்லாம் எழுதிக்கொண்டாள். பிறகு, "அப்ப முதல்ல மண்ண எடுத்துப் பார்க்கணும், இல்லையா ஐயா?" என்றாள்.

கேன்டீனுக்குப் பின்னால் கூட்டிப் போனேன். சடக்கிலிருந்து தள்ளி, வாழைக்குப் பக்கத்தில் ஓர் இடத்தைக் காட்டினேன். ஓகரை இரண்டு பேர் தொங்கித்தான் திருக முடிந்தது. மண் சாம்பல் நிறத்தில் வந்தது, நடுவே ஆரஞ்சுப் புள்ளிகள். பையில் போட்டதும் பேனாவைத் திறந்தாள். பென்சிலைக் கொடுத்தேன். பள்ளியின் பெயர், தேதி, வகுப்பு, தன் பெயர், எல்லாம் அழகாக எழுதி நீட்டினாள். ஆழம் எழுதவில்லை. சீட்டைத் திருப்பிக் கொடுத்தேன்.