கடைசியாக எப்போது நன்றாக இருந்தார்?

பக்கவாதம் என்று ஒருவரைத் தூக்கி வந்தால் கேசுவால்டியில் நாங்கள் முதலில் கேட்பது பெயரோ வயதோ இல்லை. "கடைசியா எப்ப நல்லா இருந்தாங்க?" இதுதான். புதுச்சேரியில் ஸ்டாஃப் நர்ஸாகப் பதினோரு வருடம் ஓடிவிட்டது. எத்தனை பேரிடம் கேட்டிருப்பேனோ தெரியாது. அதைத் தப்பாகவே கேட்டு வந்திருக்கிறேன் என்பது ஒரு கடலூர்க் குடும்பம் வந்த அன்றுதான் உறைத்தது.

கடலூர் இங்கிருந்து 20 கிலோமீட்டருக்குச் சற்று மேல். பெரிய ஆஸ்பத்திரிக்கும் பிராந்திக் கடைக்கும் எல்லை தாண்டி வருவது அந்தப் பக்கத்து ஜனங்களுக்குப் பழகிப்போன விஷயம். அன்று காலை 6.10 மணி. நைட் டூட்டி முடியப் போகும் நேரம். மீன் கூடை ஏற்றும் வேனிலேயே அந்த அம்மாவைக் கொண்டுவந்து இறக்கினார்கள். துறைமுகத்தில் மீன் ஏலம் விடுகிறவர், அறுபதைத் தொடும் வயது. வலது கையும் காலும் விழுந்திருந்தன. வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. பேச்சு இல்லை. கூட வந்த மருமகளிடம் வழக்கமான கேள்வியைக் கேட்டேன்.

"அஞ்சு மணிக்குப் பார்த்தேன் சிஸ்டர்."

கேஸ் ஷீட்டில் 5.00 என்று எழுதினேன். அவ்வளவுதான், எல்லோரும் ஓட ஆரம்பித்தோம். மூளைக்குப் போகும் ரத்தக் குழாயில் ரத்தக் கட்டி அடைத்திருந்தால், அதைக் கரைக்கும் ஊசியை வழக்கமாக 4.5 மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். சுகர் பார்த்தோம், சுகர் இறங்கினாலும் சிலருக்கு இதே மாதிரி கை கால் விழும். சிடி ஸ்கேனில் ரத்தக் கசிவு இல்லை. கசிவு இருக்கிறவருக்கு இந்த ஊசி போட்டால் உயிருக்கே ஆபத்து. பிரஷர், இந்த ஊசிக்கான வரம்பான 185/110-க்குக் கீழே இருந்தது. ஊசி போட எடை வேண்டும், உத்தேசமாக 60 கிலோ என்றான் மகன்.

மருந்தைக் கலக்கும் முன் ட்யூட்டி டாக்டர் இன்னொரு முறை கேட்டார். "அஞ்சு மணிக்கு என்ன பண்ணிட்டு இருந்தாங்க?"

"கட்டில்லேர்ந்து கீழே விழுந்து கிடந்தாங்க சார்."

டாக்டர் என் பக்கம் திரும்பிப் பார்த்தார். நான் கேட்டது நன்றாக இருந்த நேரத்தை. அவள் சொன்னது, தான் கண்டுபிடித்த நேரத்தை. முந்தைய ராத்திரி 9.30-க்குச் சாப்பிட்டுப் படுத்ததுதான் கடைசி. தினமும் விடிகாலை 3.30-க்கு எழுந்து துறைமுகத்துக்குப் போகிறவர் அன்று எழவில்லை. பாவம், அசதி, தூங்கட்டும் என்று மருமகள் அலாரத்தை நிறுத்தியிருக்கிறாள். எங்கள் கணக்கு 9.30-இலிருந்துதான் ஓடும். நேரம் கடந்துவிட்டது. சிலருக்கு எம்.ஆர்.ஐ. பார்த்து அதன் பிறகும் ஊசி போடுவதுண்டு. பெரிய குழாயில் அடைப்பு என்றால் 24 மணி நேரம் வரைகூட உள்ளே கம்பி விட்டுக் கட்டியை எடுக்கப் பார்ப்பார்கள். இவருக்கு இரண்டும் பொருந்தவில்லை. பாதிப்பு மூளையில் ஏற்கெனவே பதிந்துவிட்டிருந்தது.

வெளியே வராந்தாவில் மகன் கத்தினான். "வாய மூடிக்கிட்டு அஞ்சு மணின்னே சொல்லியிருந்தா ஊசி போட்டிருப்பாங்கல்ல?" அவள் சுவரைப் பார்த்து நின்றாள்.

அப்போதே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். ஹேண்டோவர், பஸ், தூக்கம் என்று கிளம்பிவிட்டேன். மூன்றாம் நாள்தான் அவனை உட்கார வைத்துச் சொன்னேன்: நேரம் தப்பிப் போட்டால் மூளையில் செத்துப்போன இடத்தில் ரத்தம் கசியலாம், அம்மா போயே போயிருக்கலாம், உண்மையைச் சொல்லி உன் பெண்டாட்டிதான் காப்பாற்றியிருக்கிறாள். தப்பாக எழுதியது நான் என்றும் சொன்னேன். தலையாட்டினான். அவளிடம் போய்ப் பேசினானா தெரியாது.

வார்டில் சொந்தக்காரர் கூட்டம். புறா ரத்தம் தடவினால் கை தூக்கும் என்றார் ஒரு பெரியவர். இது எல்லா வாரமும் எங்கள் வார்டில் கேட்கிற வைத்தியம். இன்னொருவர், வெறும் வயிறாகக் கிடக்கிறாளே என்று ஒரு வாய் காபி ஊற்றப் போனார். டம்ளரைப் பிடுங்கிவிட்டேன். ஸ்பூன் தண்ணீர் கொடுத்து, இருமல் இல்லாமல் விழுங்குகிறாரா என்று பார்க்காமல் எதையும் வாயில் விடக் கூடாது. நுரையீரலுக்குள் போனால் நிமோனியா. விழுந்த கையைப் பிடித்து இழுத்து உட்கார வைக்கக் கூடாது, தோள் மூட்டு இறங்கிவிடும். இதையெல்லாம் ஒரே தடவையில் கற்றுக்கொண்டவள் அந்த மருமகள் மட்டும்தான். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்க வைப்பதற்கு அவளுக்கு நாங்கள் ஞாபகப்படுத்த வேண்டியிருக்கவில்லை.

பேச்சுதான் வரவில்லை. சொல்வதெல்லாம் புரியும், கண்ணிலேயே தெரியும். மகன் பெயரைக் கேட்டால் உதடு துடிக்கும், கண்ணில் தண்ணீர் வரும், அவ்வளவுதான். ஆறாம் நாள் மருமகள், பிசியோதெரபிஸ்ட் காட்டிக்கொடுத்தபடி வலது கை விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டிக்கொண்டிருந்தாள். வாய் தன்பாட்டுக்கு "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணிக்கொண்டிருந்தது. மூச்சு வாங்க நிறுத்தினாள். கட்டிலிலிருந்து, "மூணு. நாலு. அஞ்சு" என்றது அந்த அம்மாவின் குரல், கரகரப்பாக, ஆனால் தெளிவாக.

பக்கத்துக் கட்டில்காரர்கள்கூட எழுந்து வந்துவிட்டார்கள். பழக்கத்தில் ஊறிய எண்ணிக்கை, திட்டு, சாமி பேர் இதெல்லாம் பேச்சு போனவர்களுக்கும் சில நேரம் தானாக வரும். படித்ததுதான், ஆனாலும் எனக்குச் சிலிர்த்தது. உங்களுக்கு எத்தனை பிள்ளைகள் என்று அந்த அம்மாவிடம் கேட்டேன். முழித்தார். அப்புறம் "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணிக்கொண்டே போய் மூணில் நிறுத்தி, இடது கையால் கட்டில் கம்பியைத் தட்டினார். மூன்று பிள்ளைகள்தான்.

இப்போது கேசுவால்டியில் நான் அந்த ஒற்றைக் கேள்வியைக் கேட்பதில்லை. ராத்திரி படுக்கும்போது நல்லாப் பேசினாங்களா? நடுவில் பாத்ரூம் போனதை யாராவது பார்த்தீங்களா? போனில் யாரோடாவது பேசினாங்களா? இப்படித்தான் பிரித்துப் பிரித்துக் கேட்கிறேன். நேரம் கேட்பது உங்கள் மேல் குற்றம் சொல்ல இல்லை, வைத்தியத்துக்கு என்று முதலிலேயே சொல்லியும் விடுகிறேன். ஐந்து நொடி கூட ஆகாது.

ஒரு மாதம் கழித்து ரிவ்யூவுக்கு வந்தார்கள். அந்த அம்மா வாக்கரைப் பிடித்து நாலு எட்டு நடந்தார். வஞ்சிரம் கிலோ என்ன விலை என்று சும்மா கேட்டேன். "நூறு, இருநூறு, முந்நூறு" என்று ஏறிக்கொண்டே போய் ஆயிரத்தில்தான் நின்றார். "ஐநூறுல நிறுத்தியிருந்தா சிஸ்டர் வாங்கியிருப்பாங்க அத்தை" என்றாள் மருமகள்.

ஓரமாக என்னிடம் இன்னொன்றும் சொன்னாள். 3.30 அலாரத்தை அவள் எடுக்கவே இல்லை. தினமும் அந்த நேரத்துக்கு எழுந்து, "அத்தை, என் பேர் சொல்லுங்க" என்று எழுப்பிக் கேட்டுவிட்டுத்தான் மறுபடி படுக்கிறாள். பேர் வராத நாளில் அந்த அம்மா கண்ணைத் திறக்காமலே "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்துக்கொள்கிறாராம்.