மாசம் எவ்வளவு வரும்?

சவுண்ட் இன்ஜினியரிங் படித்தால் மாசம் எவ்வளவு வரும் என்று கேட்பவர்களுக்கு என்னிடம் ஒரு தயார் பதில் உண்டு: முதல் சில வருடம் சம்பளத்தை நினைக்காதீர்கள். பலரிடம் சொல்லியிருக்கிறேன், உறுத்தியதில்லை. கானாடுகாத்தானில் ஒரு அறுபதாம் கல்யாணத்தில் சமையல் மேஸ்திரியிடம் சொன்னது மட்டும் இன்னும் உள்ளே கிடந்து உருள்கிறது.

அவர் மகன் ப்ளஸ் டூ முடித்துவிட்டு லீவில் என்னோடு கேபிள் சுற்ற வந்தவன். செட்டிநாட்டு வீட்டு வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றிய கூடத்தில், மைக் வைத்தவர்களுக்கு அந்தச் சங்கடம் தெரியும். கீழே ஆத்தங்குடிக் கல், சுவரெல்லாம் வழவழவென்று சுண்ணாம்புப் பூச்சு, சத்தத்தை உறிஞ்ச ஒரு துணி கிடையாது. பாடகி வாயைத் திறந்ததுமே ஸ்பீக்கர் சத்தம் திரும்ப மைக்குக்குள் புகுந்து ஃபீட்பேக் கத்தியது. நான் மிக்ஸரில் குனிந்து இரண்டரை கிலோஹெர்ட்ஸ் பக்கம் கத்திய சுருதியை மட்டும் வெட்டிக்கொண்டிருந்தேன். பையன் இரண்டாம் கட்டில் சுருட்டி வைத்திருந்த ஜமக்காளங்களைத் தூக்கிவந்து ஸ்பீக்கருக்கு எதிர்ச் சுவரில், சன்னல் கம்பிகளில் தொங்கவிட்டான். ஏண்டா என்றேன். "அந்தச் சுவருதாண்ணே திருப்பிக் குடுக்குது." யாரும் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. சத்தம் அடங்கியது.

பந்தி முடிந்து மேஸ்திரி துண்டில் கை துடைத்தபடி வந்தார். "இன்ஜினியரிங்குன்னு சொல்றான், கவுன்சிலிங்ல வராதாம்ல தம்பி?"

வராதுண்ணே என்றேன். தரமணி அரசு திரைப்படக் கல்லூரியில் ஒலிப்பதிவு படிக்கலாம், கட்டணம் குறைவு, இடமும் குறைவு. தனியாரில் லட்சக்கணக்கில் ஆகும். முடித்ததும் ஸ்டுடியோவில் அசிஸ்டென்ட். நான் சேர்ந்தபோது 8,000 பேசினார்கள், அதுவும் மாசாமாசம் வரவில்லை. சினிமாவுக்குப் போனால் யூனியன் கார்டு எடுக்கணும். அப்புறம் படத்துக்கு இவ்வளவு, கச்சேரிக்கு இவ்வளவு என்றுதான். கல்யாணத்தை நம்பினால் ஆடியும் மார்கழியும் படுத்துவிடும். ஆடிக்கு அம்மன் கோயில்கள் கைகொடுக்கும், ஆனால் ராத்திரி 10 மணிக்கு மைக்கை அணைக்கணும். எல்லாம் வரிசையாகச் சொன்னேன்.

"அப்ப எம் பொழப்புதானா அதுவும்? விசேஷம் இருந்தாக் காசு, இல்லாட்டி இல்லை."

ஆமாண்ணே என்றேன். மாசச் சம்பளமாக ஒன்றுமே இல்லையா என்றார். இருக்கிறது. டிவி சேனல், டப்பிங் ஸ்டுடியோ, கம்பெனிகளுக்கும் ஆடிட்டோரியங்களுக்கும் ஸ்பீக்கர் மாட்டித் தரும் நிறுவனங்கள். அதையும் சொன்னேன்.

"அப்ப நீங்க ஏன் தம்பி அதுல இல்லாம இங்கன கெடக்கீக?"

அம்மாவுக்கு வயசாயிருச்சு, ஊரை விட்டுப் போக முடியலை என்றேன். பொய் இல்லை. ஆனால் அம்மாவுக்கு முடியாமல் போனது பிறகு. அதற்கு முன்பே அந்த வேலையை விட்டுவிட்டேன். சென்னையில் மீட்டிங் ரூம் கூரைகளில் ஸ்பீக்கர் பதிப்பது, ஒண்ணாம் தேதி டாணென்று சம்பளம். அந்த ரூம்களில் யாரும் எதையும் கேட்டு ரசிக்கப்போவதில்லை என்பது என்னால் தாங்க முடியவில்லை. அதை ஏன் அவரிடம் சொல்லவில்லை? சொல்லியிருந்தால் மகன் பக்கம் பேசியதாக ஆகியிருக்கும். பணம் போடப்போகிறவர் அவர், என் ரசனையை அவர் தலையில் கட்டக் கூடாது என்று நினைத்தேன். இப்போதும் அது சரியென்றே படுகிறது. சில நாள் மட்டும், காதுள்ள பையன் உள்ளூரிலேயே கிடந்தால் எனக்கு வசதி என்ற கணக்கும் அதில் இருந்ததோ என்று தோன்றும். சேச்சே, அப்படியில்லை. இருந்திருந்தால் தரமணியைப் பற்றியே வாய் திறந்திருக்க மாட்டேனே.

சென்னை என்றாலே இங்கே ஒரு பயம் இருக்கிறது. ஏவி.எம். 1947இல் வெளியிட்ட நாம் இருவர் படம், காரைக்குடிக்குப் பக்கத்தில் தேவகோட்டை ரஸ்தாவில் இருந்த அவர்கள் ஸ்டுடியோவில் எடுத்தது. மறு வருடமே கோடம்பாக்கத்துக்குப் பெயர்ந்தார்கள். அன்று முதல் சத்தத்தை நம்பிப் பிழைக்க நினைக்கும் இந்தப் பக்கத்து ஆள் ரயிலேறித்தான் தீர வேண்டும். நான் ஏறிப் போய் இறங்கி வந்தவன். என் பேச்சு எப்படி இருக்கும்?

அந்தக் கல்யாணத்துக்கு நான் வாங்கிய பில், 8,000 பேசிய அந்த ஸ்டுடியோவின் நாலு மாசச் சம்பளத்துக்கு மேல். செட் வாடகையும் ஆள் கூலியும் கழித்தாலும் கணிசமாக நின்றது. மேஸ்திரி கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

பையன் இப்போது இங்கேயே பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படிக்கிறான். லீவு நாளில் வருகிறான், ராத்திரிக் கூலியை நானாகவே கூட்டிவிட்டேன். மேஸ்திரி எங்கே பார்த்தாலும் "நல்ல நேரத்துல சொன்னீக தம்பி" என்று கந்தரப்பம் கட்டிக் கொடுக்கிறார். வாங்கிக்கொள்கிறேன்.

போன வாரம் ஸ்டாண்டை மடக்கும்போது பையன் கேட்டான்: "டிப்ளமா முடிச்சிட்டு தரமணிக்குப் போட்டா எடுப்பாகளாண்ணே?" விசாரித்துச் சொல்றேன் என்றேன். இன்னும் விசாரிக்கவில்லை.