நெருடுகிற மாவு

தினமும் 60 கிலோ இட்லி மாவு விற்கிறவளுக்கே சுகர் எட்டிப் பார்த்தால் சிரிப்பதா அழுவதா? எனக்கு முதலில் வந்தது வெட்கம்தான். பாளையங்கோட்டை மகாராஜா நகர் உழவர் சந்தையிலிருந்து இரண்டு தெரு தள்ளி என் மாவுக் கடை. மூன்று கிரைண்டர், ஒரு ஃப்ரிட்ஜ், கல்லாப்பெட்டிக்கு மேலே நெல்லையப்பர் படம். போன ஆவணியில் காலில் பட்ட சின்னக் காயம் ஆறுவேனா என்று அடம்பிடித்ததால் ரத்தப் பரிசோதனைக்குப் போனேன். ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி (HbA1c) 6.1 என்று வந்தது.

டாக்டரம்மா சீட்டின் பின்பக்கத்தில் ஒரு கோடு போட்டார். 5.7-க்குக் கீழே என்றால் பயமில்லை. 6.5-ஐத் தொட்டால் நீரிழிவு. "நீங்க இங்கன நிக்கிய" என்று நடுவில் ஒரு புள்ளி வைத்தார். "காலையில என்ன சாப்பிடுதிய?"

"இட்லிதான்."

"எத்தனை?"

எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. முதல் ஈடு இறக்கும்போது பதம் பார்க்க ஒன்று. பிள்ளைகள் தட்டில் மிச்சம் வைத்துவிட்டுப் போனது இரண்டு. அதெல்லாம் கணக்கிலேயே வராது. அப்புறம் கடையில் கூட்டம் குறைந்து, உட்கார்ந்து, தேங்காய்ச் சட்னியில் தோய்த்து நாலு. ஆக ஏழு.

மறுநாளே இட்லியைத் தலைமுழுகினேன். எல்லோரும் சொல்கிற மாதிரி கேப்பைக்கு, அதாவது கேழ்வரகுக்கு, மாறினேன். நல்ல கேப்பையாகப் பார்த்து வாங்கி, கழுவிக் காயப்போட்டு, மில்லில் இரண்டு தடவை திரித்து, வெள்ளை வேட்டித் துணியில் சலித்தேன். கையில் எடுத்தால் முகத்துக்குப் போடுகிற பவுடர் மாதிரி இருந்தது. அதைக் கட்டியில்லாமல் கரைத்துக் கஞ்சி காய்ச்சி, உடன்குடிக் கருப்பட்டி தட்டிப் போட்டு, பெரிய டம்ளரில் ஒன்றரை டம்ளர் குடித்தேன். உடம்புக்கு நல்லது செய்கிறோம் என்கிற பெருமை வேறு.

கையோடு ஒரு குளுக்கோமீட்டரும் வாங்கியிருந்தேன். சாப்பிட ஆரம்பித்ததிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்துக் குத்திப் பார்க்க வேண்டும், 140-க்குள் இருந்தால் நல்லது என்று சொல்லியிருந்தார்கள். கேப்பைக் கஞ்சிக்கு 178 காட்டியது. மெஷின்தான் கோளாறு என்று நினைத்தேன். வீட்டு மெஷின் நூற்றுக்கு 15 வரை முன்னே பின்னே காட்டும்தான். ஆனால் மூன்று நாள் பார்த்தும் 170-க்குக் கீழே இறங்கவில்லை. நாலாம் நாள் வீம்புக்கு நாலு இட்லி சாப்பிட்டுப் பார்த்தேன். 171! கேப்பைக்கும் இட்லிக்கும் ஒரே மார்க்கா?

என் அத்தைக்கு இது பெரிய வேடிக்கை. "ஏ பிள்ள, எதைத் தின்னாலும் ஊசிய எடுத்துக் குத்திக்கிடுத. கையில ரத்தம் மிஞ்சுமா?"

ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட அட்டவணையை என் மகள் ஃபோனில் எடுத்துக் காட்டினாள். நூறு கிராம் வெள்ளை அரிசியில் மாவுச்சத்து 78 கிராம். கேப்பையில் 67, கம்பில் 62. அரிசியில் சர்க்கரை, சிறுதானியத்தில் ஒன்றுமில்லை என்பது போலப் பேசுகிறோமே, வித்தியாசம் அவ்வளவுதான். கேப்பையின் பெருமை வேறு இடத்தில் இருக்கிறது: நார்ச்சத்து 11 கிராம், அரிசியில் 3 கிராம்கூட இல்லை. அந்த நாரில் பெரும்பங்கு தோலோடு போகிறது. நான் துணியில் சலித்துத் தவிட்டையெல்லாம் கோழிக்குக் கொட்டிவிட்டேன். கோழிக்கு சுகர் வந்திருக்காது.

கருப்பட்டியைப் பற்றிச் சொன்னால் எங்கள் ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். மணமும் ருசியும் உண்மை. ஆனாலும் அதில் பெரும்பங்கு சீனியில் இருக்கிற அதே சுக்ரோஸ்தான். கஞ்சியில் நான் தட்டிப் போட்டதென்னவோ எலுமிச்சம்பழ அளவு.

மிச்சக் காரணம் என் தொழிலுக்குள்ளேயே இருந்தது. மாவு ஆட்டுகிறவர்கள் பதம் பார்ப்பது கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில். ஒரு துளி எடுத்துத் தேய்ப்போம். உளுந்து என்றால் வெண்ணெய் போல வழுக்க வேண்டும். அரிசி என்றால் ரவையாக நெருட வேண்டும். கடையில் நான் ஆட்டுவது அம்பை 16. அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் 1986-இல் வெளிவந்த ரகம், குட்டை குண்டரிசி, புழுங்கலாக வாங்கினால் இட்லிக்கு அருமையாக இருக்கும். ஆனால் பஞ்சு மாதிரி இட்லி கேட்டுக் கேட்டே வாடிக்கையாளர்கள் என்னை அரிசியையும் வழுக்க ஆட்ட வைத்துவிட்டார்கள். மாவு நைசாக நைசாக, வயிற்றில் சுரக்கிற நீர் பட்டுக் கரைகிற பரப்பு கூடுகிறது. அதை நிறையத் தண்ணீரில் கொதிக்க வைத்துக் கஞ்சியாக்கினால் மாவுச்சத்து ஊதிக் குழைந்துவிடுகிறது. பல்லுக்கும் வேலையில்லை, குடலுக்கும் வேலையில்லை. குடித்த கையோடு ரத்தத்தில் சர்க்கரையாக ஏறுகிறது.

எந்த உணவு எவ்வளவு வேகமாகச் சர்க்கரையை ஏற்றுகிறது என்று குளுக்கோஸை 100 ஆக வைத்து அளக்கிற கணக்கை டொராண்டோ பல்கலைக்கழகத்தின் டேவிட் ஜென்கின்ஸ் குழு 1981-இல் கொண்டுவந்தது. 55-க்குள் இருந்தால் மெதுவானது, 70-க்கு மேல் போனால் வேகமானது. ஒரே தானியம் கஞ்சியாக ஒரு எண்ணும் குருணைச் சோறாக வேறு எண்ணும் காட்டுவது இந்த நைசும் குழைவும் மாறுவதால்தான்.

இதைப் புரிந்துகொண்ட அன்றைக்கு மானூர்ப் பக்கம் இருந்த என் அம்மாவைப் பெற்ற ஆச்சி ஞாபகம் வந்தாள். மானாவாரி ஊர், கம்பும் சோளமும்தான். ஆச்சி கம்பை உரலில் போட்டு, கையால் தண்ணீர் தெளித்துத் தெளித்து இடிப்பாள். உமி ஈரத்தில் கழன்று வரும். சுளகில் போட்டுப் புடைத்துவிட்டு மறுபடி இடி. இரண்டாம் இடியில் கம்பு ரெண்டாகவும் மூன்றாகவும் உடையும், கொஞ்சம் மாவும் விழும். குருணையை முதலில் உலையில் போடுவாள், அது பாதி வெந்த பிறகு மாவைத் தூவிக் கிண்டுவாள். கெட்டியாக இறக்கி ஆறவைத்து, உருண்டை பிடித்து ராத்திரி பானைத் தண்ணீரில் போட்டுவிடுவாள். காலையில் ஒரு உருண்டையைக் கரைத்து மோர் விட்டு, சின்ன உள்ளியைக் கடித்துக்கொண்டு குடிப்போம். கரைத்தாலும் குருணை பல்லில் சிக்கும். மென்றுதான் ஆக வேண்டும். எனக்கு அப்போது அது பிடிக்கவே பிடிக்காது. டவுனுக்கு வந்தால் கிடைக்கிற வெள்ளை இட்லிக்காக ஏங்கியிருக்கிறேன்.

இப்போது கடையில் கிடைக்கிற குதிரைவாலியும் சாமையும் வெள்ளை வெளேரென்று இருந்தால் வாங்காதீர்கள். தவிட்டில் எண்ணெய் உண்டு, நாள்பட்டால் காறல் வாடை வரும் என்பதற்காகத் தீட்டித் தள்ளிவிடுகிறார்கள். கொஞ்சம் பழுப்பாக, சொரசொரப்பாக இருப்பதைக் கொஞ்சமாக வாங்கிக்கொள்ளலாம். கம்பு மாவு என்றால் சில நாளிலேயே கசந்துவிடும், அன்றன்றைக்குத் திரித்தால் உண்டு.

அத்தையின் பழையதையும் விடவில்லை. சோறு ஆறி ஊறினால் மாவுச்சத்தில் ஒரு பங்கு இறுகி, எளிதில் செரிக்காததாக மாறுகிறது. அதை நம்பி இரண்டு கை பழையதும், அவித்த சிறுபயறும், சுண்டவைத்த குழம்பும் சாப்பிட்டேன். 139. ஆகா என்று மறுநாள் கும்பா நிறையப் பழையதைப் போட்டு உப்புமிளகாயோடு அடித்தேன். 168. அத்தை கும்பாவை எடுத்து வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

கடைசியில் இட்லிக்கே திரும்பினேன், ஆனால் மாவு வேறு. கடைக்கு நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து. வீட்டுக்கு இரண்டுக்கு ஒன்று, அதுவும் தொலி நீக்காத உளுந்து. உளுந்தில் நூற்றுக்கு 20 கிராமுக்கு மேல் புரதம் இருக்கிறது, தொலியில் நார் இருக்கிறது. அரிசியை நன்றாக நெருடுகிற பதத்தில் வழித்துவிடுவேன். இட்லி சாம்பல் நிறத்தில், கொஞ்சம் கனமாக வரும். முதலில் ஒரு கிண்ணம் சிறுபயறோ தட்டைப்பயறோ, அப்புறம் மூன்று இட்லி, காணத்துவையல் (காணம் என்றால் கொள்ளு), முருங்கைக்காயும் கத்தரிக்காயும் முழுகிக் கிடக்கிற சாம்பார். 136, 141, 133 என்று வந்தது. வாரத்தில் இரண்டு நாள் காணமும் துவரையும் போட்டு அடை. தை மாதத்தில் பனங்கிழங்கு, சிறுகிழங்கு. சீனிக்கிழங்கு அவித்தால் ஒன்றோடு நிறுத்திக்கொள்வேன். ஓட்ஸில் கலர் கலராக மசாலா பாக்கெட் வருகிறதே, அதைப் பற்றி எனக்குச் சொல்ல நல்ல வார்த்தை ஒன்றுமில்லை.

நாலு மாதம் கழித்து 5.8. முழுக்கக் காலைச் சாப்பாட்டால்தான் என்று சொல்ல மாட்டேன். சாயங்காலம் வ.உ.சி. மைதானத்தைச் சுற்றி நடக்கவும் செய்தேன். இன்னொன்று: மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவர்கள் என்னைப் பார்த்துச் சாப்பாட்டைச் சட்டென்று குறைத்துவிடாதீர்கள், சர்க்கரை இறங்கி மயக்கம் வரும். டாக்டரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

இந்த நெருடுகிற மாவைக் கடையிலும் போட்டுப் பார்த்தேன். புதன்கிழமை மட்டும் பத்து பாக்கெட். ரிட்டையர் ஆன கண்டக்டர் அண்ணாச்சி ஒருவர், "சுகருக்கு நல்லதாம்லா" என்று ஆசையாக வாங்கிப் போனார். அடுத்த புதன் வந்து நின்றார்.

"எம்மா, வீட்ல ஒரே சண்டை. இட்லி கருப்பா இருக்கு, பல்லுல வேற கரகரங்கு. கொஞ்சம் சாதா மாவு கலந்துக்கிடலாமா?"

"பாதிக்குப் பாதி கலந்துக்கிடுங்க அண்ணாச்சி."

கொஞ்சம் யோசித்தார். "கலக்குத வேலை எதுக்கு? சாதா மாவே ஒரு கிலோ குடு."

எடுத்துக் கொடுத்தேன். "மூணு இட்லிக்கு மேல போகாதிய அண்ணாச்சி" என்றேன்.

"மூணா? தட்டுலயே நாலு குழிலா இருக்கு" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை மிதித்துப் போய்விட்டார்.