நண்பர் வழிவிட்ட சுகோத்தாய் நகரம்

தாய்லாந்தின் சுகோத்தாய் பழநகரில் நான் முதலில் வணங்கியது வாட் சி சும் ஆலயத்தில் வீற்றிருக்கும் பிரா அச்சானா என்ற புத்தரை. கூரையில்லாத மண்டபத்தின் குறுகிய பிளவு வழியே அந்தத் திருமுகம் தெரியத் தொடங்கும்போதே கைகள் தாமாகக் குவிகின்றன. சுமார் 15 மீட்டர் உயரமுள்ள அப்பெருமான் நிலத்தைத் தொட்டு அமர்ந்திருக்க, அவருடைய வலக்கை விரல்களில் அடியார்கள் ஒட்டிய பொன்தகடுகள் மின்னுகின்றன.

சுகோத்தாய் அரசையும் பிரா ருவாங் மரபையும் தொடங்கிய ஸ்ரீ இந்திராதித்யர் அரியணை ஏறிய வரலாற்றைக் கூறும் கல்வெட்டு இந்த ஆலயத்தில்தான் கிடைத்தது. அப்போது அவர் பாங் கிளாங் ஹாவ் என்ற சிற்றரசர். 1238 வாக்கில் அவரும் நண்பர் பா முவாங்கும் படை திரட்டி, நகரைப் பிடித்திருந்த கெமர் (கம்போடிய) தலைவனை விரட்டினார்கள். முதலில் நகருக்குள் நுழைந்தவர் பா முவாங். நண்பருக்கு உரியதில் தாம் புகுவதா என்று பாங் கிளாங் ஹாவ் தயங்கி வெளியே நின்றார். அதை உணர்ந்த பா முவாங் தம் படையை வெளியே அழைத்துக்கொண்டு வழிவிட்டார். நண்பருக்கு முடிசூட்டியதோடு, கெமர் மன்னர் தமக்களித்திருந்த பட்டப்பெயரையும் அவருக்கே வழங்கினார். வென்ற நகரை இப்படி மனமாரக் கொடுத்தவரையும், கொடுத்த பிறகே உள்ளே வந்தவரையும் ஒருசேர நினைத்துத்தான் அங்கே மலர் வைத்தேன். அக்கல்வெட்டு விரிவாகப் போற்றுவது, துறவு பூண்டு இலங்கை சென்று திரும்பிய பா முவாங்கின் பேரரை.

நகரின் நடுவிலுள்ள வாட் மகாதாட்டின் தாமரை மொட்டுக் கோபுரம் ஸ்ரீ இந்திராதித்யருக்குப் பிந்தைய தலைமுறையினர் அமைத்த வடிவம். அதன் அடித்தளத்தைச் சுற்றிக் கைகூப்பி நடக்கும் சீடர்களின் சுதைச் சிற்பங்களோடு நானும் வலம் வந்தேன். தெற்கே, இந்துக் கோயிலாகத் தோன்றிப் பின்னர் பௌத்த விகாரையான வாட் சி சவாய் மூன்று கோபுரங்களுடன் நிற்கிறது.

மகன் ராம்காம்ஹேங்கின் 1292 ஆம் ஆண்டுக் கல்வெட்டு, தந்தை ஸ்ரீ இந்திராதித்யர், தாய் நாங் சுவாங் என்றே தொடங்குகிறது. வேட்டையில் கிடைத்த இறைச்சியையும், மீனையும், சுவையான கனியையும் தந்தையிடம் கொண்டுவந்து கொடுத்ததாக அவர் சொல்லும் வரிகளை நான் பக்திப் பாடலாகவே படிக்கிறேன். அந்தத் தாயே பிரா மே யா என்ற காவல் தெய்வமாக விளங்குவதாக மக்கள் நம்புகிறார்கள். அவருடைய சன்னிதி பழநகரில் இல்லை. கிழக்கே புதிய நகரில், யோம் ஆற்றங்கரையில் இருக்கிறது. இடிபாடுகளைக் கண்டதும் திரும்பிவிடும் பயணிகள் பலர் அதைத் தவறவிடுகிறார்கள். மன்னரை வணங்கச் செல்வோர் அவருடைய தேவியையும் அவசியம் தரிசிக்க வேண்டும்.