தம்பெரே சவுனாவில் ஒரு குப்பரியிடம்

ஹிஜாமா என்றதும் நம்மில் பலருக்கு அரபு நாடுகளும் யுனானி வைத்தியசாலைகளும்தான் நினைவுக்கு வரும். தோலை லேசாகக் கீறி, மேலே கிண்ணத்தைக் கவிழ்த்து, காற்றை உறிஞ்சிக் கொஞ்சம் ரத்தத்தை வெளியே எடுக்கும் அந்த வைத்தியம் பின்லாந்திலும் தலைமுறை தலைமுறையாக நடந்து வருகிறது. அங்கே அதைச் செய்பவருக்குக் குப்பரி என்று பெயர். பெரும்பாலும் பெண்கள். செய்யும் இடம் சவுனா, அதாவது உட்கார்ந்து வியர்ப்பதற்கென்றே சூடாக்கிய மர அறை. அந்நாட்டு நகரமான தம்பெரேவுக்கு நான் போனதே இதைப் பார்க்கத்தான்.

சவுனாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சுமார் 55 லட்சம் பேர் வாழும் நாட்டில் 30 லட்சம் சவுனாக்கள் இருப்பதாகக் கணக்கு. அந்தக் காலத்தில் பெண்கள் பிள்ளை பெற்றதும் அங்கேதான், இறந்தவரைக் குளிப்பாட்டியதும் அங்கேதான். வீட்டிலேயே சுத்தமான, சூடான, வெந்நீர் கிடைக்கிற இடம் அதுதானே. 2020ல் யுனெஸ்கோ இந்தப் பண்பாட்டைத் தன் பட்டியலில் சேர்த்தது. தம்பெரேவின் பிஸ்பலா மேட்டில் 1906 முதல் ராயபோர்த்தி என்ற பொதுச் சவுனா இயங்குகிறது. நாட்டில் இன்றும் நடக்கும் பொதுச் சவுனாக்களில் அதுதான் மிகப் பழையது. வெக்கை பழகட்டும் என்று முதலில் அங்கே போனேன். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிப் பகுதி. உள்ளே வெந்து, முற்றத்தில் துண்டோடு உட்கார்ந்து ஆறி, மறுபடி உள்ளே போகிறார்கள். யாருக்கும் அவசரமே இல்லை.

அப்புறம்தான் குப்பரி. நான் தங்கியிருந்த வீட்டுத் தமிழ் அக்காதான் விசாரித்து ஏற்பாடு செய்தார். ஊருக்கு வெளியே, ஏரிக்கரையில் விறகு அடுப்புச் சவுனா. அறுபது வயதைத் தாண்டிய அம்மா ஒருவர் கதவைத் திறந்தார். நேரே சவுனாவுக்குள் அழைத்துப் போகவில்லை. காப்பிக் கோப்பையை நீட்டிவிட்டுக் கேள்வி கேட்க ஆரம்பித்தார். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுக்கிறாயா? ரத்தசோகை உண்டா? கர்ப்பமா? காலையில் சாப்பிட்டாயா? எல்லாவற்றையும் அக்கா மொழிபெயர்க்க, ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். அங்கேயே எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்துவிட்டது.

முதலில் நன்றாக வியர்க்கும்வரை சவுனாவில் இருக்கச் சொன்னார். சூட்டில் தோல் இளகி, ரத்தக் குழாய்கள் விரியும். குளித்ததும் குப்புறப் படுக்கவைத்து, முதுகையும் தோளையும் விரல்களால் மெல்ல அழுத்தித் தேடினார். எங்கே இறுகிக் கிடக்கிறது என்பதை என்னிடம் கேட்காமலே கண்டுபிடித்தார். அந்த இடங்களில் கிண்ணங்களை வைத்துக் கைப்பம்பால் காற்றை இழுத்தார். தோல் உப்பி மேலே எழுவது தெரிந்தது. சிறிது நேரம் கழித்து எடுத்துவிட்டு, உறையைப் பிரித்த புதுப் பிளேடால் சின்னச் சின்னதாகக் கீறினார். எறும்பு கடித்த அளவுதான் வலி. மறுபடி கிண்ணம். கடைசியில் எடுத்துக் காட்டியபோது உள்ளே ரத்தம் கருஞ்சிவப்பாகக் கட்டிப்போயிருந்தது.

பிளாஸ்டிக் கிண்ணங்கள் வருவதற்கு முன் மாட்டுக் கொம்புதான். அவர் சுவரில் மாட்டியிருந்த பழைய கொம்பு ஒன்றைக் கையில் கொடுத்தார். அகன்ற வாய் தோலில் உட்காரும். குறுகிய நுனியில் சிறு துளை. அதன்மேல் மெல்லிய சவ்வு ஒன்றைக் கட்டியிருப்பார்கள். குப்பரி வாயால் உறிஞ்சியதும் சவ்வு துளையை அடைத்துக்கொள்ளும், காற்று திரும்ப உள்ளே போகாது. எவ்வளவு எளிய, எவ்வளவு கச்சிதமான வேலை! நம் சித்த மருத்துவத்தின் 32 புற மருத்துவ முறைகளில் கொம்பு கட்டலும் குருதி வாங்கலும் உண்டு. பழைய ஆயுர்வேத நூலான சுசுருத சம்ஹிதையும் ரத்தம் எடுக்கக் கொம்பு, சுரைக்குடுவை, அட்டை என மூன்றையும் சொல்கிறது. அக்கா இதை எடுத்துச் சொன்னதும் அந்த அம்மா உற்சாகமாகிவிட்டார். உங்கள் ஊரிலும் நுனியில் சவ்வு கட்டுவார்களா என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவரோடு எனக்கு உடன்பாடில்லை. கட்டிப்போன ரத்தத்தைக் காட்டி, இது கெட்ட ரத்தம் என்றார். கருமையாக இருப்பதால் அது அழுக்கு ஆகிவிடாது. ஆக்சிஜன் குறைந்த ரத்தம் அப்படித்தான் இருக்கும், வெளியே வந்தால் உறையவும் செய்யும். கழுத்து வலிக்கும் இடுப்பு வலிக்கும் இதனால் ஓரளவு பலன் தெரிந்ததாகச் சிறிய ஆய்வுகள் சில உண்டு, உறுதியான சான்று என்று சொல்லும் அளவுக்கு இல்லை. சர்க்கரை நோய் போகும், புற்றுநோய் போகும் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். எனக்குத் தோள் இறுக்கம் தளர்ந்தது உண்மை. அதில் சூட்டின் பங்கு எவ்வளவு, அந்தக் கைகளின் பங்கு எவ்வளவு என்று என்னால் பிரிக்க முடியவில்லை. பிரிக்கவும் கூடாது என்றுதான் நினைக்கிறேன். சவுனாவையும் அந்தப் பொறுமையான கைகளையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது வெறும் கீறல்தான்.

போக நினைப்பவர்களுக்கு: முன்கூட்டியே பேசி நேரம் வாங்கிக்கொள்ளுங்கள். வெறும் வயிற்றோடு போகாதீர்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள். பிளேடு உங்கள் கண்முன் பிரிக்கப்பட வேண்டும், கையுறை இருக்க வேண்டும்; மஞ்சள் காமாலைக் கிருமி முதல் எச்ஐவி வரை ரத்தம் வழியாகத் தொற்றுபவை நிறைய. முடிந்ததும் ஏரியில் குதிக்க ஆசை வரும். புண் ஆறும்வரை கூடாது.